நான் துடைத்த 427

வாழ்நாளில் நான் அழித்த அமெரிக்கச் சரித்திரம் மொத்தம் மூன்று எண்கள், இரண்டு எழுத்துகள், ஒரு டிக். எடுத்துக்கொண்ட நேரம் பதினைந்து விநாடி. உபயோகித்த ஆயுதங்கள், எலுமிச்சை வாசனை அடிக்கும் பாத்திரம் கழுவுகிற திரவமும் ஒரு பழைய பல் பிரஷ்ஷும். (பிரஷ் என்னுடையதுதான். அந்த ஒரு விஷயத்தில் யாரையும் ஏமாற்றவில்லை.)

இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. இருந்த வெட்கத்தையெல்லாம் சுங்கை காடுட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தமாகச் செலவழித்துவிட்டேன். இப்போது கையிருப்பு இல்லை.

எனக்குப் பகலிலேயே கனவு வரும். வீடு சுவா சூ காங்கில், பன்னிரண்டாவது மாடி. வேலை லிஃப்ட் பராமரிப்பில் சூப்பர்வைசர். நாள் முழுவதும் மேலேயும் கீழேயும் போய்வரும் ஒரு பெட்டியோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு, நேராகப் போகிற ஏதாவது ஒன்றின்மேல் ஆசை வரத்தானே செய்யும்? எனக்கு வந்த ஆசை பழைய அமெரிக்கக் கார்களின்மேல். நீள மூக்கு, அகலத் தோள், தூங்கும் சிங்கம் மாதிரி ஒரு உறுமல். கண்ணை மூடினால் போதும், இரண்டு பக்கமும் சோளக்காடு, நடுவில் வானம் வரைக்கும் ஒரே ரோடு, அதில் நான். நம் சின்னத் தீவில் அப்படி ஒரு காரை முழு வேகத்தில் விட்டால் அரை மணியில் கடல் வந்துவிடும். பரவாயில்லை, கனவுக்கு ரோடு வரி கிடையாது.

அந்தக் கனவு ஒருநாள் நிஜமாகவே என் முன்னால் வந்து நின்றது. நீல நிறம், பானட்மேல் இரண்டு வெள்ளைக் கோடு, அறுபத்தெட்டாம் வருஷத்துக் கமாரோ. சொந்தக்காரர் ஹாஜா பாய். டன்லப் ஸ்திரீட்டில் பெட்டி, பை விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் கடைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே அவர் முப்பது சூட்கேஸ்களோடு மாட்டிக்கொண்டபோதுதான் எனக்குப் பழக்கம். கதவைத் திறந்து வெளியே எடுத்தேன். நன்றி சொல்ல ஆரம்பித்தவர் முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. அதில் முப்பது நிமிஷம் கார் பற்றி.

பாய் நேரில் பேசினாலே நீளம். வாய்ஸ் மெசேஜ் வந்தபிறகு கேட்க வேண்டாம். மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் என்று அனுப்புவார். முதல் நிமிஷம் எப்போதும் நலம் விசாரிப்பு, சாப்பாடு, வெயில். நான் அந்த முதல் நிமிஷத்தைக் கேட்டுவிட்டு 'சரி பாய்' என்று பதில் போட்டுவிடுவேன். பல வருஷமாக அதில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. (ஒரு பிரச்சினையும் வந்ததில்லை என்பதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் ஆரம்பம்.)

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு பரோட்டாக் கடை வாசலில் கூடுவார்கள். என்னிடம் இருந்தது கம்பெனி வேன்தான். ஆனாலும் பாயின் ஆள் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அங்கேதான் அவர் எனக்கு அந்தக் காரின் ஜாதகத்தைச் சொன்னார். கையில் கிடைத்த பாத்திரங்களை வைத்தே சொல்வார்.

"சேகரு, இந்த சாசரப் பாரு. இதான் சின்ன காரு. இதுமேல சின்ன கப்பு, அதான் சின்ன எஞ்சின். கம்பெனிக்காரன் என்ன சொல்றான்? சின்ன காருக்குப் பெரிய எஞ்சின் போடக்கூடாதுங்கிறான். மேலிடத்து உத்தரவு."

பிறகு சின்னக் கப்பை எடுத்து ஓரமாக வைப்பார். பக்கத்து மேசையில் யாரோ குடித்துக்கொண்டிருக்கும் பெரிய தே தாரிக் டீ மக்கை அவர் அனுமதியோடு எடுத்து (பெரும்பாலும் அனுமதியோடு) அந்தச் சாசர்மேல் நிறுத்துவார்.

அதுதான் கதை. அறுபதுகளில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் கார் விற்ற டீலர்கள் சிலர், தாங்களே வார இறுதியில் ரேஸ் ஓட்டுகிற கிறுக்கர்கள். கம்பெனி போடாவிட்டால் என்ன, நாமே போடுவோம் என்று கிளம்பினார்கள். லாரியிலிருந்து புத்தம்புதுக் கார் இறங்கும். அதை நேராகப் பின்கட்டுக்குத் தள்ளிப்போய், எஞ்சினைக் கழற்றி, பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கென்று செய்த 427 கன அங்குல எஞ்சினை இறக்குவார்கள். கோடு போட்டு, தங்கள் பேட்ஜைக் குத்தி, முன்கட்டில் ஷோரூம் விளக்கின்கீழ் நிறுத்துவார்கள். வாங்கியவன் சாவியை எடுத்துக்கொண்டு நேராக ரேஸ் தடத்துக்கே போவான். பிறகு கம்பெனிகளே வெட்கப்பட்டு, வெளியே தெரியாமல் ஸ்பெஷல் ஆர்டரில் செய்துகொடுத்தன. கொஞ்ச வருஷம்தான். இன்ஷூரன்ஸ்காரன் பயந்தான், புகைக்குச் சட்டம் வந்தது, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பின்கட்டு விளக்குகள் அணைந்தன. அந்தக் கார்களில் பாதி மரத்தில் மோதிச் செத்திருக்கும் என்பார் பாய், சொந்தத்தில் ஒரு சாவு மாதிரி குரலைத் தாழ்த்தி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற பழைய கார்களில் எஞ்சின் நம்பரும் கார் நம்பரும் பொருந்தினால்தான் ஒரிஜினல். டீலர் மாற்றிய காரில் பொருந்தக் கூடாது. எஞ்சின் தனியாகக் கடையில் வாங்கிப் போட்டது அல்லவா. சரி, பொருந்தாத கார் எல்லாம் ஒரிஜினலா என்றால், போன வருஷம் எவனாவது மாற்றியிருந்தாலும் பொருந்தாது. டீலர் கொடுத்த காகிதம் இருந்தால் பிழைத்தோம். பாயிடம் காகிதம் இல்லை. அவருக்குக் காரை விற்ற முதியவர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிய அமெரிக்கர். "நானே அந்தப் பின்கட்டில் நின்று டெலிவரி எடுத்தேன்" என்று சொன்னாராம். காகிதங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டனவாம். பாய் அவர் கண்ணைப் பார்த்து நம்பினார். நான் பாயின் கண்ணைப் பார்த்து நம்பினேன்.

மிஸ்டர் லிம் யார் கண்ணையும் பார்க்கிற ஆள் இல்லை. பரோட்டாக் கடைக் கூட்டத்துக்கு மூத்தவர். அவரிடம் எல்லாக் காகிதமும் இருக்கிற ஒரு பச்சை மஸ்டாங் கார் இருக்கிறது. பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாயின் காரைத் தடவிக்கொடுத்து, நல்ல மனதோடு, ஒரே வார்த்தை சொல்வார். "நைஸ் டூப்ளிகேட் லா, ஹாஜா."

பாய் சிரிப்பார். பரோட்டாவைச் சின்னதாகப் பிய்ப்பார். ஆனால் சாப்பிட மாட்டார்.

இது நடந்த வருஷம் பாய், தன் தங்கை மகன் நிக்காஹுக்காக நாகூர்ப் பக்கம் போனார். அவர் வீடு பாசிர் ரிஸ்ஸில், தீவின் அந்தக் கோடி. கார் தூங்குவது சுங்கை காடுட்டில், மரக்கடைகளுக்கு நடுவில் ஒரு ஷெட்டில். எனக்குப் பக்கம். அதனால் சாவியை என்னிடம் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் போட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பழைய காருக்கு வருஷத்தில் இத்தனை நாள்தான் ரோட்டில் இறங்க அனுமதி, அந்த நாட்களை நான் தொடக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

அந்தப் பத்து நிமிஷங்களைப் போல் சுகம் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இடதுபக்க ஸ்டியரிங். மழை தகரக் கூரைமேல் கொட்டும். வெளியிலிருந்து அறுத்த மரத்தின் வாசனை வரும். எஞ்சின் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறி, நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிமேல் ஈரம் படர்ந்து உலகம் வெள்ளையாகிவிடும். அது மழையாக இல்லாமல் பனியாகவும் இருக்கலாம், இது சுங்கை காடுட்டாக இல்லாமல் பென்சில்வேனியாவாகவும் இருக்கலாம், நான் நானாக இல்லாமலும் இருக்கலாம். பத்து நிமிஷத்தில் சாவியைத் திருப்பினால் சோளக்காடு மறைந்து, எதிரில் ப்ளைவுட் அடுக்கு தெரியும்.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

முந்தின இரண்டு வருஷமும் பாயிடம் கேட்டுக்கொண்டு பானட்மேல் ஒரு முழம் பூ வைத்திருந்தேன். "வை, வை. பூ வச்சா எந்தக் காரு கோவிச்சுக்கும்?" என்பார். டன்லப் ஸ்திரீட்டில் அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து அவருக்குச் சுண்டலும் பொரியும் வந்து குவியும், எங்களைவிட ஆயுத பூஜையை அதிகம் ருசித்தவர் அவர். ஆகவே பூவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்தது என் சகலை.

சகலை கணேசன் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தன் காரைக் கழுவி, 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவான். அந்த வருஷம் எஞ்சினையும் கழுவியிருந்தான். அந்தப் பளபளப்பில் அவன் முகமே தெரிந்தது. (அதைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.) என் மாமியார் அதற்கு மூன்று கைகூப்பல்கள் போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பக்கெட்டும் பிரஷ்ஷுமாக ஷெட்டுக்குப் போனேன். பானட்டைத் திறந்தேன். ஐம்பது வருஷத்து அழுக்கு. முதலில் 'முன்' போட்டோ. எஞ்சினுக்குப் பின்னால், உள்ளே உட்காருகிறவர்களையும் எஞ்சினையும் பிரிக்கிற தகரச் சுவர் ஒன்று இருக்கும், அதன் பக்கமாகத் தலையை நீட்டி, எல்லாப் பல்லும் தெரிய ஒரு செல்ஃபி. குரூப்பில் போட்டேன். பிறகு கழுவ ஆரம்பித்தேன்.

அந்தத் தகரச் சுவரில், அழுக்குக்கு அடியில், மஞ்சள் கிரேயானில் ஏதோ கிறுக்கியிருந்தது. 427 என்று ஒரு எண். கீழே ஆர்.டி. என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. பக்கத்தில் ஒரு டிக். யோசிக்காமல் துடைத்தேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்தேன். நம் ஊரில் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன எந்த வண்டியிலும் ஒர்க்‌ஷாப்காரன் இப்படித்தான் கிறுக்குவான், இது அந்த மாதிரி என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த தப்புகள் குறைவு.

மளமளவென்று போய்விட்டது.

பதினொரு மணிக்கு மாலா சுண்டலோடு வந்தாள். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. தகரச் சுவரின் நடுவில், நான் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, மூன்று கோடு விபூதி. கற்பூரத்தை மட்டும் மாலா வெளியே காட்டச் சொன்னாள். "உள்ள பெட்ரோல் வாசனை அடிக்குதுங்க. சாமியும் நாமளும் சேர்ந்து போயிடுவோம்." நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு அடி முன்னால் உருட்டினோம். 'பின்' போட்டோ எடுத்துப் போட்டேன். மாமியார் ஐந்து கைகூப்பல்கள்.

காருக்குள் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். மழை பிடித்துக்கொண்டது. மாலா, பாய் நல்லபடியாக இருக்கிறாரா என்று கேட்டாள். வியாழக்கிழமையே மெசேஜ் வந்ததே, நிக்காஹ் நன்றாக நடந்ததாம், பிரியாணி பிரமாதமாம் என்றேன்.

"முழுசா கேட்டீங்களா?"

நான் சுண்டலைப் பார்த்தேன். அவள் என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் நிமிஷம் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது நிமிஷம் மாப்பிள்ளையின் வேலை பற்றி. மூன்றாவது நிமிஷத்தில் பாயின் குரல் மாறியது.

"சேகரு, இனிமேதான் விஷயம். அமெரிக்காவுல டேல்னு ஒரு பெரியவரு இருக்காரு. இந்த டீலர் காருங்கள ஆராய்ச்சி பண்றவரு, அவரு சொன்னா உலகமே ஒத்துக்கும். ஆஸ்திரேலியா போற வழியில திங்கக்கெழம ஒரே ஒரு காலையில நம்ம காரப் பாக்க வராரு. எஞ்சின் பின்னாடி தகரத்துல மஞ்சக் கிரேயான்ல ஏதாவது எழுதியிருக்கான்னு கேட்டாரு. அந்தப் பின்கட்டு மெக்கானிக்குங்க வேல முடிஞ்சா அங்கதான் எழுதுவாங்களாம். காகிதம் இல்லாத காருக்கு அதான் சாட்சியாம். எனக்கு ஏதோ இருந்த மாதிரி ஞாபகம். நீ எதையும் தொடாத. தூசிகூடத் தட்டாத. பதினொரு வருஷம் லிம் சொன்னதுக்கு ஒரு பதில் கெடைக்கும் போலருக்கு, இன்ஷா அல்லா. அப்புறம், மச்சான் வீட்டு வட்டிலப்பம் இருக்கே..."

மாலா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அவள் பார்வை முன்கண்ணாடி வழியாக பானட்டுக்குப் போய், அங்கிருந்து காலடியில் கிடந்த பல் பிரஷ்ஷுக்கு வந்தது.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சுத்தம்" என்றேன்.

பாய் வட்டிலப்பத்தை விவரித்துக்கொண்டே இருந்தார்.

அன்று மதியம் சோபாவில் படுத்தவன் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஆர்.டி. வந்தார். நீல மெக்கானிக் உடுப்பு, கையில் கிரீஸ் துணி, பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது. பாவம், நல்ல மனுஷர். கோபப்படவில்லை. "ஐம்பது வருஷம் இருந்ததே தம்பி" என்றார், தமிழில். (என் கனவில் எல்லோரும் தமிழ்தான்.) ஒரு பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். அது பச்சை நிறம், என்னுடையதேதான். எழுந்து உட்கார்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

இப்போது நிதானமாகப் பார்க்கிறேன். என் போனில் 'முன்' போட்டோ இருந்தது. அதில், என் காதுக்குப் பக்கத்தில், அந்த எழுத்து இருந்தது. பாய்க்குப் போன் செய்து, தப்பு நடந்துவிட்டது, ஆனால் படம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலாவும் அதைத்தான் சொன்னாள், நாலு தடவை. என் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. படத்தைக் காட்டினால் நான் துடைத்தது தெரிந்துவிடும். காட்டாவிட்டால் தெரியாது. ஆகவே படத்தைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு, அதைப் பார்த்து, அதே மாதிரி மறுபடியும் எழுதிவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். பீதியில் இருக்கிறவனுக்கு எல்லாமே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஞாயிறு மதியம் மகள் திவ்யாவின் கிரேயான் பெட்டியிலிருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டேன். அப்போது அவள் தொடக்கப்பள்ளி. எதற்கு என்றாள். ஆபீஸ் வேலை என்றேன். செய்தித்தாளில் முப்பது முறை பழகிப் பார்த்தேன். ஷெட்டுக்குப் போய், பூவை எடுத்து, எஞ்சினிலிருந்த பொட்டையும் தகரத்தில் இருந்த விபூதியையும் துடைத்து, சாமியை வேண்டிக்கொண்டு, மனதைச் சுத்தமாக்கிக்கொண்டு (திருட்டுவேலைக்கு எதற்குச் சுத்தமான மனது என்று கேட்காதீர்கள்), பரீட்சை எழுதுகிறவன் மாதிரி எழுதினேன். அதன்மேலும் நான் கழுவிய மற்ற இடங்களிலும் காப்பித்தூளும் கிரீஸும் கலந்து தடவினேன். பழசாகிவிட்டது. கொஞ்ச நேரம் அழகு பார்த்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து, எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் கை அடுத்ததுக்குப் போகும். லிஃப்ட் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருப்பேன். புதிதாக வந்த மேனேஜர், ஏன் எல்லாப் பக்கத்துக்கும் இரண்டு என்றே நம்பர் போடுகிறாய் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டார். போடுவது எனக்கே தெரியாது. மூச்சு விடுவது தெரியுமா என்ன?

திங்கட்கிழமை காலை பாய் விமானத்திலிருந்து நேராக, நிக்காஹுக்குத் தைத்த சட்டையில் வந்தார். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல. என் கையில் ஒரு இனிப்பு டப்பாவைத் திணித்தார். "ஒனக்குன்னு எடுத்து வச்சேன், தம்ரூட்டு." அந்த டப்பாவை வைத்துக்கொண்டு நான் நின்றேன். டேல் வந்தார். எழுபதைத் தாண்டிய, உயரமான, சத்தம் போடாத மனிதர். ஒரு சின்ன டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம். காருக்கு அடியில் படுத்தார். எஞ்சின் உட்காரும் இடத்துப் பற்றவைப்பை விரலால் தடவினார். எங்கோ ஒரு ஓட்டையை அடைத்திருந்ததைப் பார்த்து 'ஹா' என்றார். ஒவ்வொரு 'ஹா'வுக்கும் பாய் ஒரு அங்குலம் வளர்ந்தார்.

பிறகு பானட்டுக்குள் குனிந்தார். மல்லிகை வாசனை வருகிறதே என்றார். டார்ச் வெளிச்சம் தகரச் சுவரில் மெதுவாக நகர்ந்து, நின்றது. ரொம்ப நேரம் நின்றது. மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"இங்கே மேலே இருப்பது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இரண்டு போல இருக்கிறது. ஆனால் வால் இருக்கிறது. இப்படி ஒரு மார்க்கை நான் பார்த்ததே இல்லை."

பாய் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். 427க்கு மேலே, நடுவில், ரொம்ப லட்சணமாக, ஒரு பிள்ளையார் சுழி.

டன்லப் ஸ்திரீட்டில் முப்பது வருஷம் கடை வைத்திருக்கிறவருக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தலை அந்த பானட்டுக்குள்ளிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக என் பக்கம் திரும்பியது. எங்கள் லிஃப்டுகளில் எதுவும் அவ்வளவு மெதுவாக ஏறியதில்லை. நான் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

டேல் நிமிர்ந்தார். குரல் வருத்தமாக இருந்தது. இது புதுக் கிரேயான், குழந்தைகளுடையது என்றார். ஒரு அடையாளத்தை ஒருவர் பொய்யாகச் செய்திருந்தால், அடியில் தான் பார்த்த மற்றவற்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது, அப்படித்தான் எழுத முடியும் என்றார். நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

அந்த இடத்தில் பாய் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. "ஐ அண்டர்ஸ்டாண்ட், சார்" என்று மட்டும் சொன்னார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, பட்டனைப் போட ஆரம்பித்தார். பட்டன் துளையில் போகவில்லை. இரண்டாம் தடவையும் போகவில்லை. மூன்று நிமிஷத்துக்குக் குறைந்து எதையும் சொல்லாத மனிதர், மூன்று வார்த்தையோடு நிறுத்திவிட்டார்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் சார்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, சகலை, பல் பிரஷ், மூன்றாவது நிமிஷம், மகளின் கிரேயான், காப்பித்தூள். வருஷத்துக்கு ஒருநாள் கருவிகளையும் வண்டிகளையும் கழுவிக் கும்பிடுவோம், அது எங்கள் வழக்கம் என்றேன். லிஃப்டையும் கும்பிடுவோம் என்று சேர்த்துக்கொண்டேன். பிறகு போனை நீட்டினேன்.

டேல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, என் 'முன்' படத்தைப் பெரிதாக்கினார். முதலில் என் பல். அப்புறம் மூக்குத் துவாரம். அங்கிருந்து இடதுபக்கம் தள்ளித் தள்ளி, காதோரம் வந்தார். 427. கீழே ஆர் தெரிந்தது. டி என் காதுக்குப் பின்னால் இருந்தது. டிக் முழுசாகத் தெரிந்தது.

தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். அமெரிக்காவில் எங்கோ ஒரு கொட்டகையில் கண்டெடுத்த இன்னொரு கார், அதே டீலர் செய்தது. அதன் தகரச் சுவரிலும் மஞ்சளில் எழுதியிருந்தது. தலை திறந்த 4. நடுவில் கோடு போட்ட 7. கீழே ஆர், பக்கத்தில் டி. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பனி தெரிந்தது, நீல மெக்கானிக் உடுப்பு தெரிந்தது, வேலை முடிந்து கிரேயானை மேல்பையில் செருகிக்கொண்டு விளக்கை அணைக்கிற ஒரு கை தெரிந்தது.

"ஒரே ஆள்" என்றார் டேல். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் காது இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார்.

பாய் போய் ப்ளைவுட் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

டேல் கிளம்பியதும் நான் பிரஷ்ஷைத் தேடினேன், அந்தச் சுழியையாவது அழித்துவிட்டுப் போகலாம் என்று. பாய் என் கையைப் பிடித்தார்.

"தொடாத. அமெரிக்காக்காரன் பாதி, நீ பாதி. இருந்துட்டுப் போவட்டும்."

அன்றைக்கு அவர், கைவசம் இருந்த அனுமதி நாட்களில் ஒன்றை எனக்காக உடைத்தார். லிம் சூ காங் ரோடு. நம் தீவில் நேராகப் போகிற ரோடு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், ஈரத் தார்மேல் வானம், மூக்கு நீண்ட நீலக் கார். பாய் ஓட்டினார். தம்ரூட் டப்பா எங்களுக்கு நடுவில் திறந்திருந்தது. சோளக்காடு இல்லை, கோழிப்பண்ணைதான் இருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரோடு தீர்ந்தபோது கடல் வந்தது. திரும்பினோம்.

ஒரு மாதத்தில் டேலின் அறிக்கை வந்தது. கார் ஒரிஜினல், டீலர் கைப்பட மாற்றியது. ஏழாம் பக்கத்தில் சாட்சியாக ஒரு படம். பானட்டுக்குள் தலையை நீட்டி, பனியனோடு, எல்லாப் பல்லும் தெரிய நான். கீழே ஒரு குறிப்பு: 'அசல் எழுத்து, சடங்கு முறையில் கழுவப்படுவதற்கு முன்.' அந்தக் கார் இனி யார் கைக்குப் போனாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், என் பல்லும் கூடவே போகும்.

பரோட்டாக் கடையில் மிஸ்டர் லிம் அந்த அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஏழாம் பக்கத்தில் கொஞ்சம் தங்கினார். மூடிவைத்துவிட்டு, பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கார் ஒரிஜினல். இந்த ஆளுதான் டூப்ளிகேட் லா" என்றார். பாய் அன்றைக்கு நாலு பரோட்டா சாப்பிட்டார்.

வீட்டில் அதற்கப்புறம் என்னிடம் யாரும் எதையும் கழுவக் கொடுப்பதில்லை. நான் வடச்சட்டியை எடுத்தால் மாலா, "வைங்க, அடியில யாராவது கையெழுத்துப் போட்டிருக்கப் போறாங்க" என்பாள். திவ்யா இப்போது ஜூனியர் காலேஜில் படிக்கிறாள். சட்டையில் சாம்பார் சிந்தினால் அதைக் கிரேயான் வாசனை பார்ப்பது போல முகர்ந்துவிட்டு, "ஒரிஜினல்" என்கிறாள். சகலை என் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தன் காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறான், திருஷ்டிக்காம்.

நான் இப்போதெல்லாம் யாருடைய வாய்ஸ் மெசேஜையும் கடைசி விநாடி வரை கேட்கிறேன். பாயின் மெசேஜ்களும் குறையவில்லை, நலம் விசாரிப்பு, சாப்பாடு, வெயில் எல்லாம் அப்படியே. வருஷத்தில் ஒரே ஒருநாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும், அவரிடமிருந்து ஒரு விநாடி மெசேஜ் ஒன்று வரும். மாலா அதை ஸ்பீக்கரில் போடுவாள். குடும்பமே ஹாலில் கூடி நின்று கேட்கும்.

"தொடாத."